சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் மாறவில்லை, நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

28 அக்டோபர் 2024, காலை (கேள்வி)

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கேவுக்கு நேர் விமானத்தில் அம்மாவை அனுப்பப் போகிறேன். தூரம் எவ்வளவு என்று தேடினால் ஓர் இடத்தில் 15,350 கி.மீ., இன்னொரு இடத்தில் 16,700 கி.மீ., வேறொன்றில் வெறுமனே 8,288. விமானம் 900 கி.மீ. வேகத்தில் போகும் என்கிறார்கள். 15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. டிக்கெட்டிலோ கிட்டத்தட்ட 19 மணி நேரம். எதை நம்புவது?

28 அக்டோபர், மாலை

மூன்றுமே சரி. 8,288 என்பது கடல் மைல். விமானிகள் புழங்குவது அதுதான். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 15,350 பக்கத்தில் வரும். சாதாரண மைலில் சொன்னால் 9,540 அளவில் நான்காவதாக ஓர் எண்ணும் கிடைக்கும், அதைப் பார்த்தும் குழம்ப வேண்டாம்.

15,350 என்பது பூமி உருண்டையின் மேல் அந்த இரண்டு ஊருக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி. 16,700 என்பது விமானம் நிஜமாகவே பறக்கும் வழி. 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் பக்கத்து நுவார்க்குக்கு நேர் விமானத்தைத் திரும்பத் தொடங்கியபோது சொன்ன எண் அது. 16,700-ஐ 900-ஆல் வகுங்கள்: பதினெட்டரை மணி. ஓடுதளம் வரை உருண்டு போவது, இறங்கியபின் பயணிகள் இறங்கும் வாசலான கேட்டுக்கு வருவது எல்லாம் சேர்த்தால் டிக்கெட் கணக்கு வந்துவிடும்.

29 அக்டோபர்

அந்த 15,350-ஐ நீங்களே பேனா பேப்பரில் போடலாம். இந்த ஜோடிக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104, ஜேஎஃப்கே மேற்குத் தீர்க்கரேகை 74 பக்கம். இரண்டையும் கூட்டினால் 178. கிட்டத்தட்ட 180, அதாவது ஒன்றுக்கு நேர் பின்புறத்தில் மற்றொன்று. அப்படியானால் குறுக்குவழி வட துருவத்தை ஒட்டித்தான் போயாக வேண்டும்.

துருவம் வடக்கு 90 பாகை. சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.36, துருவத்துக்கு மிச்சம் 88.64 பாகை. ஜேஎஃப்கே வடக்கு 40.64, துருவத்திலிருந்து இறங்க 49.36 பாகை. மொத்தம் 138 பாகை. பாகைக்கு 60 கடல் மைல், ஆக 8,280. கி.மீ.யில் 15,335. இணையம் சொல்வதற்கும் இதற்கும் 15 கி.மீ. தான் வித்தியாசம். அதுவும் பூமி துருவத்தில் சற்றுத் தட்டையாக இருப்பதால் வருவது. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். இவ்வளவு பெரிய தூரம் இரண்டு கழித்தலிலும் ஒரு பெருக்கலிலும் முடிந்துவிடுகிறது.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுபவர்களுக்கு இது புரியாது. சிங்கப்பூர் வலது ஓரம், நியூயார்க் இடது ஓரம், நடுவில் ஆப்பிரிக்காவும் அட்லாண்டிக்கும் என்று நினைப்பார்கள். ஒரு பூகோள உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவில் நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாக வடக்கே ஏறிவிடும்.

30 அக்டோபர்

"அப்படியானால் எல்லா விமானமும் துருவத்து வழியாகவே போகலாமே, ஏன் 1,350 கி.மீ. சுற்ற வேண்டும்?" என்று ஒருவர்.

போவதும் உண்டு. ஆனால் தினமும் அதே வழி என்று எந்த நிறுவனமும் நேர்ந்துகொள்வதில்லை. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்று, மூடிய வான்வெளி, புயல், அவசரத்துக்கு இறங்கக்கூடிய விமான நிலையங்கள் எல்லாவற்றையும் வைத்துக் கணினி பல வழிகளைப் போட்டுப் பார்க்கும். அவற்றில் எரிபொருளும் நேரமும் குறைவாக வரும் வழி எது என்றுதான் பார்ப்பார்கள். தூரம் குறைவு என்பது அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக்கைக் கடந்தே போகிறது. திரும்பும்போது அட்லாண்டிக், துருவம், பசிபிக் எதுவாகவும் இருக்கலாம், அன்றைய காற்றைப் பொறுத்தது.

31 அக்டோபர்

தூரம் கூடினால் நேரம் கூடும் என்பது தரையில் சரி. வானத்தில் அப்படி இல்லை என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் தில்லி – சான் பிரான்சிஸ்கோ.

ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கி.மீ. மேற்கு நோக்கிப் போவதால் வழியெல்லாம் எதிர்க்காற்று. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாக மாற்றினார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆனது. 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் மிச்சம். காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்ததுதான் காரணம். 15,300-ஐ 14.5-ஆல் வகுத்தால் மணிக்கு 1,055 கி.மீ. 900 கி.மீ. வேக விமானத்துக்கு மிச்சத்தைக் காற்று கொடுத்திருக்கிறது.

திரும்பும் விமானம் அட்லாண்டிக் வழியாகவே வந்தது, ஏனென்றால் அதுவும் கிழக்கு நோக்கித்தான். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. ஒரு டிக்கெட்டில் உலகத்தையே ஒரு சுற்று! இதை முதலில் படித்த அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2 நவம்பர்

"கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் போவது பூமி சுழல்வதால்தான்" என்று எழுதியிருக்கிறார் ஒருவர். இந்த விளக்கம் எங்கே பேசினாலும் வந்துவிடுகிறது. சரி, யோசித்துப் பார்ப்போம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் கிழக்கே போகும் விமானத்திலிருந்து ஊர் விலகி ஓட வேண்டும், மேற்கே போகும் விமானத்தை ஊரே எதிர்கொண்டு வர வேண்டும். நடப்பது அதற்கு நேர் எதிர்.

பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, தரையில் நிற்கும் விமானமும் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்று கூட வரவில்லை என்றால் வீட்டு வாசலில் நிற்கவே முடியாது.

வேகத்தைக் கொடுப்பது ஜெட் காற்றோட்டம். தரைக்கு மேல் ஏறக்குறைய 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் குறுகலான காற்றாறு. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரமும் அதேதான். வேகம் சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். வட பாதியில் குளிர்காலத்தில் அதற்கு வலு அதிகம்.

3 நவம்பர்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதைப் படித்துவிட்டுப் பூமியின் சுழற்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது எடுத்துக்கொண்டால் அதுவும் முழுசாகாது. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் இருக்கும் வெப்ப வித்தியாசத்தால் காற்று துருவம் நோக்கி நகரப் பார்க்கிறது. பூமி சுழல்வதால் அது கிழக்காக வளைந்துவிடுகிறது. ஆக, ஜெட் காற்றோட்டம் கிழக்கே ஓடுவதற்குக் காரணம் சுழற்சிதான். விமானத்தைத் தள்ளுவது காற்று.

தெற்குப் பாதியிலும் திசை அதேதான். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சிட்னிக்கு 12 மணி நேரத்துக்குள் போய்விடலாம், திரும்ப 14 மணி நேரம் ஆகும். நேர் வடக்கு – தெற்காகப் போகும் வழிகளில், லண்டன் – கேப்டவுன் மாதிரி, போக வர நேரம் பெரிதாக மாறாது.

இந்தக் காற்றை முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் வசாபுரோ ஓய்ஷி, ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1920களில் பலூன் விட்டு அளந்தார். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொது மொழியாக உருவாக்கப்பட்ட மொழியில் அறிக்கை எழுதினார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு, அறிக்கை கண்டுகொள்ளப்படாமலே போயிற்று. நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

4 நவம்பர்

அம்மாவை அனுப்புபவர் கேட்ட அடுத்த கேள்வி: போன வாரம் பார்த்த இறங்கும் நேரம் இந்த வாரம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறதே?

நேற்று, நவம்பர் 3 ஞாயிறு, அமெரிக்காவில் கோடைக்காலக் கடிகாரம் முடிந்தது. சிங்கப்பூரில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. நேற்று முன்தினம் வரை 12 மணி நேரமாக இருந்த இடைவெளி இப்போது 13. விமானம் அதே விமானம், பறக்கும் நேரமும் அதே. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு மாதிரிக் கணக்கு. சிங்கப்பூரில் நள்ளிரவு 12:00, பயணம் 18 மணி 45 நிமிடம். இறங்கும்போது சிங்கப்பூரில் மாலை 6:45. பதின்மூன்றைக் கழித்தால் நியூயார்க்கில் அதே தேதியில் காலை 5:45. டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஆறு மணி நேரப் பயணம் மாதிரித் தெரியும். திரும்பும்போது இரவு 10 மணிக்கு ஏறினால் இறங்குவது நாளை மறுநாள் அதிகாலை. நடுவில் ஒரு முழுத் தேதி காணாமல் போய்விடும். மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். அம்மாவுக்கு வேளை மாத்திரை இருந்தால், ஊர் மணியைப் பார்க்காமல் எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

9 நவம்பர்

அட்லாண்டிக்கைக் கடக்கும்போது தூக்கம் வராமல் முன்சீட்டு முதுகில் இருக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். சினிமா போடமாட்டேன், வரைபடம்தான். கிழக்கே போன ஒரு குளிர்கால இரவில் தரைவேகம் 1,090 என்று காட்டியது. வெளியே வெப்பநிலை மைனஸ் 58. இறங்க இவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்லும் எண், நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் குறைந்துகொண்டே வந்தது. அதே வழியில் திரும்பியபோது அதே வகை விமானம், தரைவேகம் 760. ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு தடவையும் ஒரே மாதிரித்தான், மேகம் அசையாமல் நிற்கும். இன்ஜின் சத்தத்திலும் வித்தியாசம் கிடையாது. எண் மட்டும்தான் சொல்கிறது.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு. நியூயார்க் – லண்டன் 5,540 கி.மீ. காற்றே இல்லை என்றால் 900 வேகத்தில் போக வர மொத்தம் 12 மணி 19 நிமிடம். இப்போது 150 கி.மீ. காற்றைச் சேருங்கள். போகும்போது 1,050 வேகம்: 5 மணி 17 நிமிடம். வரும்போது 750: 7 மணி 23 நிமிடம். கூட்டினால் 12 மணி 40 நிமிடம். போகும்போது கிடைத்ததும் வரும்போது இழந்ததும் சரிக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் இழப்புதான் பெரியது.

அப்படியே விட்டுவிடாமல் மேற்கே போகும் விமானங்கள் ஜெட் காற்றைத் தவிர்த்து வடக்கே வளைந்து போகின்றன. அதனால்தான் நிஜ இழப்பு இந்தக் கணக்கைவிடக் குறைவு.

10 நவம்பர்

காற்றின் உச்சம் எது என்று கேட்டவருக்கு: 2020 பிப்ரவரி 8 இரவு. சியாரா புயல். பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. "ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா?" இல்லை. சுற்றியிருந்த காற்றைக் கிழித்துக்கொண்டு போன வேகம் வழக்கமானதுதான், காற்றே ஓடிக்கொண்டிருந்தது. ஒலியைத் தாண்டிய கணக்கு வேண்டுமென்றால் கன்கார்டு என்ற பழைய பயணிகள் விமானம்: 1996 பிப்ரவரியில் அதே வழி, 3 மணி நேரத்துக்கும் குறைவு.

16 நவம்பர்

காற்றைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். அனுமதி என்று ஒன்று இருக்கிறது.

ஹெல்சிங்கி – டோக்கியோ வழியை ஃபின்ஏர் ரஷ்யா மீது பறந்து சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி கடைசியில் ரஷ்ய வான்வெளி மூடியது. பயணம் 13 மணி நேரம் ஆனது. சில விமானங்கள் வட துருவத்தின் மேலேயே போயின. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1983-இல் ஃபின்ஏர் இந்த வழியில் முதன்முதலாக நேர் விமானம் விட்டபோதும் சோவியத் வான்வெளி கிடைக்கவில்லை, துருவத்தைச் சுற்றி ஏறக்குறைய 13 மணி நேரம்தான் பறந்தார்கள். நாற்பது வருஷத்தில் விமானம் எவ்வளவோ முன்னேறியும் நேரம் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

2024-லேயே இன்னொன்று. பெர்த் – லண்டன் 14,500 கி.மீ., ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் 2018 மார்ச்சில் நேராகப் பறக்கத் தொடங்கியது. ஏப்ரலில் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டி வந்தது. லண்டன் போகும் விமானம் எதிர்க்காற்றில் அவ்வளவு சுற்ற முடியாமல் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. லண்டனிலிருந்து பெர்த் திரும்பும் விமானம் மட்டும் தொடர்ந்து நேராகவே வந்தது. அந்தப் பக்கம் காற்று துணைக்கு இருந்தது. யாராவது "இந்த இரண்டு ஊருக்கும் நேர் விமானம் உண்டா" என்று கேட்டால், எந்தத் திசையில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

17 நவம்பர்

எரிபொருள் என்றதும் ஒன்று. அந்த நியூயார்க் விமானம் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரத்துக்கான வகை. தொட்டி 1,65,000 லிட்டர். சீட் மொத்தமே 161, எகானமி வகுப்பு கிடையாது. முதல் சில மணி நேரத்தில் எரியும் எரிபொருளில் ஒரு பகுதி, கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே போகிறது. ஆள் குறைந்தால்தான் அவ்வளவு தூரம் போக முடியும். எகானமியில் நேராகப் போகலாமா என்று கேட்டவருக்கும் இதுவே பதில்.

23 நவம்பர்

டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல என்பதை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேட்டிலிருந்து விமானம் நகரும் நிமிடத்திலிருந்து மறு ஊர்க் கேட்டில் நிற்கும் நிமிடம் வரை அது. அதற்கு மேல் கொஞ்சம் தாராளமும் சேர்த்திருப்பார்கள். 40 நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு இறங்குவது அதனால்தான்.

ஆனால் அந்தத் தாராளத்தை நம்பிக் கனெக்ஷன் விமானத்தை நெருக்கமாகப் போட வேண்டாம். குளிர்காலத்தில் மேற்கே போன ஒரு பயணத்தில் எதிர்க்காற்று எல்லாத் தாராளத்தையும் தின்றுவிட்டது. இறங்கிய பிறகும் கேட் காலியில்லை என்று ஓடுதள ஓரத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண், அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸைக் கையில் பிடித்தபடி நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் இரண்டு பேருக்குமே அடுத்த விமானம் போய்விட்டது. எனக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானமும் இருந்ததால் அடுத்ததில் ஏற்றிவிட்டார்கள். அவர் இரண்டும் தனித்தனியாக வாங்கியிருந்தார், புதுசாகக் காசு கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கவுன்ட்டரில் அவர் நின்ற நிலை எனக்கு இன்னும் ஆறவில்லை. தனித்தனியாக வாங்குபவர்கள், அதுவும் டிசம்பர், ஜனவரியில் மேற்கே போகிறவர்கள், நடுவில் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

1 டிசம்பர்

விஷயம் கொஞ்சம் விலகினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். நேரத்தைப் பொறுத்தவரை, விமான நிறுவனங்கள் வழக்கமாக நடத்திய மிக நீண்ட நேர் விமானப் பயணம் ஜெட் காலத்தில் நடந்ததல்ல. 1943 முதல் 1945 வரை, போர்க் காலத்தில், இலங்கையின் காலி பக்கத்தில் இருக்கும் கொக்கல வாவிக்கும் பெர்த்துக்கும் இடையில் குவான்டாஸின் கட்டலினா கடல் விமானங்கள் பறந்தன. 27 முதல் 33 மணி நேரம், நிற்காமல். எரிபொருள் பாரத்தால் மூன்று பயணிகளுக்குத்தான் இடம். எதிரிக்குத் தெரியாமலிருக்க ரேடியோவில் பேசவும் கூடாது, நட்சத்திரத்தைப் பார்த்து வழி பிடித்தார்கள். பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிக்கும். அதற்குப் பயணிகளுக்குச் சான்றிதழே கொடுத்தார்கள். இன்றைய ஜெட்டுக்கு 7 மணி நேரத்துக்குள் முடிகிற தூரம்.

7 டிசம்பர்

"இதைவிடத் தூரமாக நேர் விமானம் வருமா?" வரப்போகிறது. பூமியில் எந்த இரண்டு ஊருக்கும் இடையில் அதிகபட்சம் சுமார் 20,000 கி.மீ. தான் இருக்க முடியும், சுற்றளவில் பாதி. சிட்னி – லண்டன் 17,000. குவான்டாஸ் இதற்காக 20,000 லிட்டர் கூடுதல் தொட்டியோடு ஏ350-1000 வாங்குகிறது, பயணம் 22 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறார்கள். 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு போயிங் 787-இல் சோதனையாகப் பறந்து பார்த்தார்கள்: 19 மணி 19 நிமிடம், விமானத்தில் ஏறக்குறைய 50 பேர் மட்டும். கவனியுங்கள், அது கிழக்கு நோக்கி. சிட்னியிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.

8 டிசம்பர்

வேறு ஊர் ஜோடிகளுக்குத் தோராயக் கணக்கு கேட்டிருந்தார்கள். நான் போடுவது இப்படி: குறுக்குவழித் தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் சேர்ப்பேன். கிழக்கே என்றால் நீண்ட வழியில் ஒரு மணி நேரம் குறைப்பேன், மேற்கே என்றால் ஒரு மணி நேரம் கூட்டுவேன். நடுவில் மூடிய வான்வெளி இருந்தால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, போன வாரம் அதே விமானம் நிஜமாக எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை விமானங்களைத் தொடர்ந்து காட்டும் தளங்களில் பாருங்கள். ஒரு நாளை மட்டும் பார்க்க வேண்டாம், ஏழு நாளும் பாருங்கள். அந்த ஏழில் அதிகமானது எதுவோ அதை வைத்து வரவேற்கப் போகிறவரிடம் நேரம் சொல்லுங்கள்.